இரண்டு கார்டும் ஒரு மாப்பிள்ளையும்

கம்ப்யூட்டர் திரையில், வீடியோவுக்குக் கீழே ஓடும் பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்து பாதியைத் தாண்டியது. திரை கறுத்தது.

"பாத்தீங்களா? இந்த இடம்தான்," என்றார் மாமனார். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றதால், அவர் பதறும்போதெல்லாம் அதில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையும் சேர்ந்து ஆடினான். "சரியா இங்க வந்து உசுரை விட்டுடுது."

திரைக்கு மறுபடி வெளிச்சம் வந்தது. நடுவில் சின்னக் கட்டத்துக்குள் ஒரு செய்தி. திரையில் படம் காட்டவைக்கும் 'கிராபிக்ஸ் டிரைவர்' என்ற மென்பொருள் வேலை செய்வதை நிறுத்திவிட்டதாம். கீழே 'சரி' என்று ஒரே ஒரு பொத்தான். சரியில்லை என்று சொல்வதற்குப் பொத்தான் எதுவும் கொடுத்திருக்கவில்லை.

அவன் 'சரி'யை அமுக்கினான்.

"இப்ப என்ன பண்ணப் போறீங்க மாப்பிள்ளை?"

"ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாப்போம் மாமா."

"காலையிலேர்ந்து நானும் அதைத்தான் பண்ணிட்டிருக்கேன். இருந்தாலும் நீங்க பண்ணினா வேற மாதிரி இருக்கும். பண்ணுங்க."

அவன் பண்ணினான். வேறு மாதிரி இல்லை.

இந்த வீட்டுக்கு அவன் சின்ன மாப்பிள்ளை. ஒரு கம்பெனியில் ஊழியர்களின் சம்பளத்தைக் கணக்குப் போடும் மென்பொருளை எழுதுகிறவன். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்ததுகூட இல்லை. அதைச் சொன்னால் இங்கே யாருக்கும் புரியாது. 'கம்ப்யூட்டர்ல வேலை' என்றால் கம்ப்யூட்டரின் உள்ளே, வெளியே, ஒயர், அது உட்கார்ந்திருக்கும் மேஜை, எல்லாமே அவன் பொறுப்புதான். போதாததற்கு, நேற்று ராத்திரி வந்து பயணப் பெட்டியை இறக்கி வைத்ததுமே அவன் மனைவி, "கவலையே படாதீங்கப்பா. அவர் கை வச்சார்னா ஒரு நிமிஷத்துல சரியாயிடும்," என்று சொல்லி வைத்திருந்தாள்.

பெரிய மாப்பிள்ளை வேறு இருந்தார். போன தடவை வந்தபோது, மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை அவர் சரிபண்ணிவிட்டுப் போயிருந்தார். அவர் பல் டாக்டர். மோட்டாருக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் இந்த வீட்டில் யாராவது குழாயைத் திறந்தால், தண்ணீருக்கு முன்னால் அவர் பேச்சு வந்தது. அவரும் சாயங்காலம் நேராக விழாவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

விழா மாமியாருக்கு. கணக்கு டீச்சராகச் சேர்ந்து தலைமை ஆசிரியையாக உயர்ந்து, இன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டு வருகிறார். அவர் வராந்தாவில் நடந்து வந்தால், வகுப்பறைகள் ஒவ்வொன்றாகத் தானே அடங்கும் என்று மனைவி சொல்லக் கேட்டிருக்கிறான். அவர் சிரித்துப் பார்த்த மாணவர்கள் யாரும் இல்லையாம். அந்த மாணவர்களும், அவர்கள் பெற்றோரும், உடன் வேலை பார்த்தவர்களும் நிறைந்த அரங்கத்தில், பெரிய திரையில் அவரைப் பற்றி ஒரு படம் காட்டப் போகிறார்கள். எடுத்தது மாமனார். வெட்டி ஒட்டியது மாமனார். பின்னணியில் பேசியதும் மாமனார்.

நில அளவை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு வீடியோ எடிட்டிங்கில் பித்துப் பிடித்திருந்தது. ஒரு காட்சியை அதன் பாட்டுக்கு ஓடவிடுவது அவரைப் பொறுத்தவரை சோம்பேறித்தனம். மெதுவாக்குவார். கிட்டத்தில் கொண்டுபோவார். திரும்பக் காட்டுவார். இதற்கெல்லாம் பழைய கிராபிக்ஸ் கார்டு மூச்சு வாங்குகிறது என்று, போன மாதம் கடைக்காரரை வரவழைத்துப் பெரிய கார்டு ஒன்றைப் பொருத்திக்கொண்டார். பழையதைக் கழற்ற மனம் வரவில்லை.

"ரெண்டு மாடு பூட்டினா வண்டி இன்னும் வேகமாப் போகும்ல?" என்று இப்போது கேட்டார்.

"ரெண்டும் வேற வேற கம்பெனி மாமா. சில சமயம் ஒத்துப் போகாது."

"நானும் உங்க அத்தையும்கூட வேற வேற ஆளுதான்."

படம் நின்றுபோகிற இடத்தை மட்டும், கார்டுக்கு அதிக வேலை வைக்காத சின்னச் சட்டத்தில் அவன் ஓடவிட்டுப் பார்த்தான். ரயில் ஜன்னலோரம் மாமியார் தூங்குகிறார். வாய் நன்றாகத் திறந்திருக்கிறது. கேமரா மெதுவாக, மிக மெதுவாக, அந்த வாயை நோக்கிப் போகிறது. பின்னணியில் வயலின். கீழே பொன்னிற எழுத்தில் 'உழைத்துக் களைத்த முகம்'. அதற்கு அடுத்து விளையாட்டு விழா. பரிசு கொடுக்க நடந்து வந்தவர், நீளம் தாண்டும் மணல்குழியில் கால் இடறி விழுகிறார். மறுபடி விழுகிறார். மூன்றாவது தடவை அரை வேகத்தில் விழுகிறார். 'விழுந்தாலும் எழுவார்.'

"எப்படி இருக்கு?" என்றார் மாமனார்.

"நல்லா இருக்கு மாமா. கொஞ்சம் ரொம்பக் கிட்டத்துல போயிட்டமோ?"

"கிட்டத்துல போனாத்தான் மாப்பிள்ளை உணர்ச்சி தெரியும்."

அவர் கண் கலங்கியிருந்தது. அவன் படத்தை மூடினான்.

கம்ப்யூட்டரின் உறுப்புகளையெல்லாம் வரிசையாகக் காட்டும் பக்கத்தைத் திறந்தான். கிராபிக்ஸ் என்ற தலைப்பின் கீழ் இரண்டு கார்டும் இருந்தன. புதியதின் மேல் மஞ்சள் முக்கோணம் ஒன்று உட்கார்ந்திருந்தது. இரண்டும் சண்டை போடுகின்றன, பழையதை ஓரம் கட்டினால் புதியது நிம்மதியாக வேலை செய்யும் என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியதை உடனே செய்தும் விட்டான்.

திரை மொத்தமாக இருண்டது. இந்தத் தடவை திரும்பி வரவில்லை.

"இது நல்லதா?" என்றார் மாமனார்.

"ஒரு நிமிஷம் மாமா."

நிமிஷங்கள் போயின. பிறகுதான் உறைத்தது. மானிட்டரின் கேபிள் பழைய கார்டில் மாட்டியிருந்தது. தான் உட்கார்ந்திருந்த கிளையைத் தானே வெட்டியிருக்கிறான். மேஜைக்கு அடியில் தவழ்ந்து போனான். அங்கே பழைய செருப்பு ஒரு ஜோடியும், உடைந்த முக்காலியும், பெட்டியின் பின்பக்கத்து ஓட்டைகளும் இருட்டில் இருந்தன. கேபிளைத் தடவித் தடவிப் புதுக் கார்டில் செருகிவிட்டு எழுந்தபோது மேஜை விளிம்பில் தலை இடித்தது.

திரை வந்தது. ஆனால் எழுத்தெல்லாம் கண் டாக்டர் சுவரில் மாட்டியிருக்கும் அட்டை மாதிரி இருந்தது. நாலு ஐகானுக்கு மேல் திரையில் இடம் இல்லை.

"இது தேவலையே," என்றார் மாமனார். "கண்ணாடி போடாமலே தெரியுது."

"புது டிரைவர் போட்டா சரியாயிடும் மாமா. இருக்கிற டிரைவரைத் தூக்கிட்டு, இன்டர்நெட்லேர்ந்து வேற இறக்கணும்."

அப்போதுதான் மாமியார் வாசற்படியில் வந்து நின்றார். எப்போதிலிருந்து நிற்கிறார் என்று தெரியவில்லை. "மாப்பிள்ளை, காப்பி வச்சிருக்கேன். வந்து குடிச்சிட்டு உக்காருங்க."

"இங்கயே குடிச்சிடறேன் அத்தை."

"கம்ப்யூட்டர் பக்கத்துல காப்பி வேண்டாம். கொட்டிடுச்சுன்னா வம்பு. ஹால்ல வச்சிருக்கேன்."

கணக்கு டீச்சரின் குரலில் சொன்னதால் அவன் எழுந்து போய்விட்டான். போவதற்கு முன் டிரைவரை இறக்கத் தொடங்கிவிட்டுத்தான் போனான். பெரிய கோப்பு. காப்பி முடிந்ததும் அத்தை பரண்மேல் இருந்த ஒரு சூட்கேஸை எடுத்துத் தரச் சொன்னார். எடுத்தான். அது இல்லை, அதற்குப் பின்னால் இருப்பது என்றார். அதையும் எடுத்தான். திறந்து பார்த்துவிட்டு, "இதுவும் இல்ல போலிருக்கு," என்றார்.

அவன் அறைக்கு ஓடி வந்து பார்த்தபோது, கோப்பு முக்கால்வாசி இறங்கி நின்றுபோயிருந்தது. இன்டர்நெட் இல்லை. மோடத்தின் விளக்குகள் எல்லாம் அணைந்திருந்தன. அதன் பிளக் இருந்த இடத்தில் இஸ்திரிப் பெட்டியின் பிளக் இருந்தது.

"அத்தை, இந்த பிளக்கை..."

"அடடா. அதுவா? சாயங்காலத்துக்குத் துணி தேய்க்கணுமேன்னு மாத்திட்டேன். வேலை கெட்டுப் போச்சா?"

"இல்லை அத்தை. மறுபடி முதல்லேர்ந்து இறக்கிடலாம்."

"இன்னும் நாலு உருப்படிதான். தேய்ச்சு முடிச்சுடறேனே."

தன் போனிலிருந்து இணைப்புக் கொடுத்து மறுபடி இறக்கினான். மனைவி வந்து அவன் காதருகே குனிந்தாள்.

"என்னங்க, ஆச்சா?"

"நீ எதுக்கு ஒரு நிமிஷம்னு சொன்னே?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அப்பா ராத்திரி பூரா தூங்கலையாம். உங்களத்தான் நம்பியிருக்கார்."

"எனக்கு இதெல்லாம் தெரியாதுன்னு உனக்குத் தெரியும்ல?"

"மெதுவாப் பேசுங்க," என்றாள் அவள். "அம்மா காதுல விழுந்துடப் போகுது."

டிரைவர் இறங்கியது. போட்டான். திரை இரண்டு தடவை கண் சிமிட்டி, அழகாக, முழு அளவில் வந்தது.  படத்தைத் திறக்கலாம் என்று மவுஸை நகர்த்தினான். அம்பு திரையின் வலது ஓரம் வரை போய், ஓரத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது.

இருவரும் திரைக்கு வலப்பக்கம் இருந்த சுவரைப் பார்த்தார்கள்.

"எங்க போச்சு?" என்றார் மாமனார்.

"இன்னொரு மானிட்டர் இருக்கறதா அது நினைச்சுக்கிட்டிருக்கு மாமா. பழைய கார்டுல."

"நம்மகிட்ட அப்படி எதுவும் இல்லையே."

"இல்லை மாமா. அதுக்குத் தெரியல."

எடிட்டிங் மென்பொருளைத் திறந்தால் அதுவும் அந்த இல்லாத மானிட்டரில்தான் திறந்தது. பாதிச் சுவர் வரை போன ஒரு மவுஸை வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஜன்னலை இந்தப் பக்கம் இழுக்க அவன் பட்ட பாடு சொல்லி மாளாது. பொறுமை தீர்ந்து, கீபோர்டில் நினைவுக்கு வந்த பொத்தான்களைச் சேர்த்துச் சேர்த்து அமுக்கினான். ஏதோ ஒரு சேர்க்கைக்குத் திரை பலன் கொடுத்தது. மொத்தப் படமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது.

மாமனார் கழுத்தைத் தோள்பக்கம் சாய்த்தார். "உங்க அத்தை நின்னுக்கிட்டே தூங்கறாப்பல இருக்கு," என்றார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. விழா ஏற்பாடுகளைக் கவனிக்கும் டிராயிங் மாஸ்டர். மாமனார் கழுத்தைச் சாய்த்தபடியே பேசினார்.

"ஆமா சார், இன்னும் கிளம்பல... இல்ல இல்ல, டிரைவர்தான் பிரச்சினை... காலையிலேர்ந்து பாதி வழியில நின்னுடறான்... ஆமா, புதுசாப் போட்டும் பாத்தாச்சு. இவன் எங்கயோ வெளியில போயிடறான்... சரி சார், எப்படியும் வந்துடுவோம்."

அவன் அதைக் கவனிக்கவில்லை. மவுஸை மேலே தள்ளினால் அம்பு பக்கவாட்டில் போனது. அதைப் பழகிக்கொள்வதற்கே இரண்டு கையும் தேவைப்பட்டது. ஒருவழியாகத் திரையை நிமிர்த்தி, ஜன்னலைப் பிடித்து இழுத்து, படத்தை ஓடவிட்டான். பச்சைக் கோடு நகர்ந்தது. பாதியைத் தாண்டியது. ரயில் ஜன்னல் வந்தது. கேமரா மாமியாரின் வாயை நோக்கிக் கிளம்பியது.

திரை கறுத்தது. இம்முறை செய்தி வரவில்லை; படிக்க முடியாத எழுத்துகள் நிறைந்த ஒரு நீலப் பக்கம் வந்தது.

மாமனார் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.  கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"முப்பது வருஷமா அவளுக்கு நான் ஒண்ணும் செஞ்சதில்ல மாப்பிள்ளை," என்றார். "எப்பவும் ஏதாவது ஊர்ல சங்கிலியப் புடிச்சு அளந்துகிட்டிருந்தேன். இது ஒண்ணாவது..."

அவர் முடிப்பதற்குள் மாமியார் உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் தோள் பக்கத்தில் வந்து நின்று, அவன் அதுவரை கேட்டிராத மென்மையான குரலில் சொன்னார்.

"போகட்டும் விடுங்க மாப்பிள்ளை. படம் இல்லேன்னா என்ன குறைஞ்சு போச்சு? நாலு பேர் பேசுவாங்க, கேட்டுட்டு வந்துடலாம். நீங்க லீவு போட்டு வந்ததே இதுல உக்காரவா? குளிச்சிட்டுக் கொஞ்சம் படுங்க. நான் அவர்கிட்ட சொல்லிக்கறேன்."

 இவரைப் பார்த்தா இத்தனை நாள் பயந்தோம் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. தன் வாழ்நாள் உழைப்பைப் பற்றிய ஒரே படம் பாழாகிறது. அதையும் பொருட்படுத்தாமல், மாப்பிள்ளை சங்கடப்படக் கூடாது என்று நினைக்கிறார். இப்படிப்பட்டவருக்காக இதைச் செய்யாவிட்டால் தான் கற்ற படிப்புக்கு என்ன மதிப்பு?

"இல்லை அத்தை," என்றான். "நான் விடப் போறதில்லை."

மாமியார் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்பிப் போனார். அவர் தோள் தளர்ந்திருந்ததைப் பார்த்து அவன் உறுதி இன்னும் கூடியது.

மானத்தைத் தூர வைத்துவிட்டு, அலுவலகத்தில் எல்லா மிஷினையும் பிரித்து மேயும் நண்பனுக்குப் போன் போட்டான். அங்கே அவனை எல்லோரும் 'மெக்கானிக்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ரெண்டு கார்டா? எந்தப் புண்ணியவான் போட்டது?" என்றான் மெக்கானிக்.

"என் மாமனார். பக்கத்துலதான் இருக்கார். ஸ்பீக்கர்ல இருக்கே."

"நல்ல யோசனைதான் சார் அது," என்றான் மெக்கானிக் உடனே. "சரி, டிரைவரைப் போட்டு உருட்டாதே. பெட்டியத் திற. பழைய கார்டைக் கழட்டி வெளியில வை. ஒண்ணே ஒண்ணு இருக்கட்டும், அப்புறம் பாப்போம்."

"திறக்கறதா? நான் திறந்ததே இல்லடா."

"ஸ்பீக்கர்ல இருக்கே," என்றான் மெக்கானிக்.

ஸ்க்ரூடிரைவர் வேண்டும். மாமனார் வீட்டைக் கவிழ்த்துத் தேடினார். மாமியாரைக் கேட்டால், "அது பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கு. அவங்க ஊர்ல இல்ல," என்றார். கத்தி முனையால் திருகிப் பார்த்து விரலைக் கீறிக்கொண்டான். மனைவி துணி கொண்டுவரப் போனபோது வாசலில் மணி அடித்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

"டிராயிங் மாஸ்டர் அனுப்பினார்," என்றார். "உங்க டிரைவர் பாதி வழியில நின்னுடறாராமே. வண்டிய நான் எடுக்கறேன். சாவி குடுங்க."

யாருக்கும் எதுவும் புரியவில்லை. புரிந்தபோது சிரிக்கும் நிலையில் யாரும் இல்லை. மாமனார் மட்டும் சட்டென்று எழுந்து, "உங்ககிட்ட ஸ்க்ரூடிரைவர் இருக்கா?" என்று கேட்டார். அவர் சாவியை வாங்கிப் போய், மாமனாருடைய காரின் டிக்கியிலிருந்தே ஒன்றை எடுத்து வந்தார். அப்படியாக, காலையிலிருந்து அந்த வீட்டுக்கு வந்த டிரைவர்களிலேயே உருப்படியானவர் அவர்தான் என்று ஆனது. அவரே கூடத்திலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கேட்காமலே டார்ச்சும் பிடித்தார்.

பெட்டியின் பக்கவாட்டுத் தகடு கழன்றது. உள்ளே பஞ்சு மாதிரி தூசி. அதற்கு நடுவே இரண்டு கார்டுகள், ஒன்று சின்னதாக, ஒன்று செங்கல் கனத்தில். மாமனார் கட்டிலில் இருந்தபடியே கழுத்தை நீட்டினார். மனைவி அவன் விரலில் துணி சுற்றினாள். மாமியாரும் வந்துவிட்டார். வாசற்படியிலேயே, கதவு நிலையில் கைவைத்துக்கொண்டு, மூச்சுகூட விடாமல் நின்றார். அந்த அக்கறை அவனுக்குத் தெம்பாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இதற்குள்தான் படம் இருக்கிறது. ஏதாவது ஒடிந்தால் அவ்வளவுதான்.

"என்ன தெரியுது?" என்றான் மெக்கானிக்.

"தூசி."

"ஊதாதே. புதுக் கார்டுக்கு மேல கறுப்பா ஒரு பிளக் இருக்கும் பாரு. அதுக்குக் கரண்ட் வர்றது. அது அழுத்தமா உக்காந்திருக்கா?"

டார்ச் வெளிச்சம் நகர்ந்தது. பிளக் இருந்தது. ஒரு பக்கம் உள்ளே போயும், ஒரு பக்கம் வெளியே தூக்கியும், கோணலாக நின்றது. ஒரு நகம் போகிற அளவுக்கு இடைவெளி.

"பாதி வெளியில நிக்குதுடா."

 "டேய்," என்றான் மெக்கானிக், "காலையிலேர்ந்து இதுக்கா டிரைவரை மாத்திட்டிருந்தே? அமுக்கு. கிளிப் மாட்டற சத்தம் கேக்கணும்."

அமுக்கினான். 'டக்' என்றது. அவ்வளவு சின்னச் சத்தம் அறையில் எல்லோருக்கும் கேட்டது. வாசற்படியில் மாமியார் நீளமாக மூச்சு விட்டார்.

பழைய கார்டையும் கழற்றி மாமனார் கையில் கொடுத்தான். அவர் அதைக் குழந்தையை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டார். மூடினார்கள். போட்டார்கள். திரை வந்தது. மவுஸ் ஓரத்தில் முட்டி, ஒழுங்காக நின்றது. படத்தை ஓடவிட்டான். பச்சைக் கோடு பாதியைத் தாண்டியது. ரயில் வந்தது. கேமரா கிளம்பி, மாமியாரின் வாயை நெருங்கி, இன்னும் நெருங்கி, ஒரு சிறு தடங்கலும் இல்லாமல் பற்கள் வரை போய்ச் சேர்ந்தது. மணல்குழியில் மூன்று தடவையும் விழுந்து முடித்தார்.  கோடு கடைசி வரை போய்ப் பச்சையாக நின்றது.

மாமனார் அவனைக் கட்டிக்கொண்டார். அளவுக் கோலைத் தவிர வேறு எதையும் கட்டிப்பிடித்திருக்காத மனிதர். கை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் காதைப் பிடித்துக்கொண்டார். மனைவி கதவுக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்தாள். மாமியார் அங்கே இல்லை. துணி மாற்றப் போயிருப்பார் என்று நினைத்தான்.

வெயில் தாழ்ந்தபோது கிளம்பினார்கள். முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் மாமனார். சட்டைப் பையில் படம் ஏற்றிய பென் டிரைவ். ஒவ்வொரு திருப்பத்திலும் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். நடுநடுவே போனில் பெரிய மாப்பிள்ளையிடம் பேசினார்.

"...ஆமா, பெட்டியவே பிரிச்சுட்டார். கை எல்லாம் ரத்தம். விட மாட்டேன்னுட்டார். மோட்டார் மாதிரி இல்ல இது, ரொம்ப நுணுக்கம்... முதல் வரிசையில இடம் போட்டு வைங்க. தூங்கற சீன் வர்றப்போ உங்க அத்தை முகத்த நான் பாக்கணும்."

பின் சீட்டில் இரண்டு பேருக்கும் நடுவே அவன் உட்கார்ந்திருந்தான். மனைவி அவன் துணி சுற்றிய விரலைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்துபோக ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி முதுகை நிமிர்த்தி அவன் உட்கார்ந்தது இல்லை.

மாமியார் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார். மடியில் கைப்பை. அதன் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். கடைசி நாள் அல்லவா, மனசு கனத்திருக்கும். ஏதாவது பேசி அவரை லேசாக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. அதற்குள் அவரே கேட்டார்.

"கடைசியில என்னதான் கோளாறு மாப்பிள்ளை?"

"ஒண்ணுமே இல்லை அத்தை," என்றான் உற்சாகமாக. "ரெண்டு கார்டுமே நல்லாத்தான் இருந்துச்சு. டிரைவரும் நல்லாத்தான் இருந்துச்சு. புதுக் கார்டுக்குக் கரண்ட் போற பிளக் பாதி வெளியில வந்திருந்துச்சு, அவ்வளவுதான். சும்மா ஓடறப்போ தாக்குப் பிடிச்சிருக்கு. கிட்டத்துல போற இடம் வந்ததும் கரண்ட் பத்தாம நின்னிருக்கு. அது எப்படித்தான் வெளியில வந்துச்சோ தெரியல. பெட்டி மூடியே இருந்திருக்கு. தானா வரவும் வராது."

கார் வேகத்தைக் குறைத்து பள்ளிக்கூடத்தின் வாசலுக்குள் திரும்பியது. அரங்கத்தின் வெளியே மாணவர்கள் வரிசையாக நின்றார்கள். காரைக் கண்டதும் தானாக அடங்கினார்கள். மாமியார் அந்த வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முன் சீட்டில் இருந்த கணவரின் பின்தலையைப் பார்த்தார். அப்புறம் அவன் பக்கம் சாய்ந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"அவ்வளவு இழுத்தும் பாதிதான் வந்துச்சு மாப்பிள்ளை, கிளிப்பை அமுக்கிட்டு இழுக்கணும்னு எனக்குத் தெரியாமப் போச்சு."